நாமினி என்ற கட்டம்

இன்சூரன்ஸ் ஏஜெண்டாகப் போகிறேன் என்று நான் சொன்னபோது என் அண்ணனின் கை சோற்றிலேயே நின்றுவிட்டது. தக்கலை இன்னும் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த காலம். எனக்கு இருபத்தேழு வயது. கணவர் இறந்து ஒன்றரை வருடமாகியிருந்தது. நானும் மகளும் அண்ணன் வீட்டில்தான் இருந்தோம்.

“ஏட்டி, உனக்கு என்ன பைத்தியமா? வீடுவீடாப் போயி, நீரு செத்துப்போனா என்ன ஆகும்னு கேக்கப் போறியா? அதுவும் இந்த வெள்ளைச் சீலையோட? நீ எதுக்க வந்தாலே வெளிய எறங்கினவன் திரும்பிப் போயித் தண்ணி குடிச்சிட்டு வருகான்.”

அவர் சொன்னது பொய்யில்லை. தெருவில் அதை நான் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

ஆனால் எனக்குள் ஒரு கோபம் இருந்தது. என் கணவர் கலியாணத்துக்கு முன்பே ஒரு பாலிசி எடுத்திருந்தார். அவர் போன பிறகு அந்தப் பணம் எனக்கு வரவில்லை. அவருடைய அக்காள் மகனுக்குப் போனது. நாமினி என்ற கட்டத்தில் அவன் பெயரைத்தான் எழுதியிருந்தார். கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. சகோதரியின் பிள்ளைகளுக்கே சொத்துப் போகும் மருமக்கள் வழி சட்டத்தில் ஒழிந்து எத்தனையோ வருடமாகியும் எங்கள் ஆட்களின் கை அதை மறக்கவில்லை. கலியாணத்துக்குப் பிறகு பெயரை மாற்றலாம் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. தவணைக்குத் தவணை வந்து என் கையால் காப்பி வாங்கிக் குடித்த ஏஜெண்ட் ஒரு நாள்கூட அதைக் கேட்கவில்லை. அந்த ஆளை நினைத்தால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவன் கேட்காததை நான் கேட்பேன் என்று முடிவு செய்துவிட்டேன்.

நாகர்கோவிலில் கம்பெனி இன்ஸ்பெக்டர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு ஒரு விண்ணப்பப் பாரத்தை நீட்டி, “இந்த மாசத்துக்குள்ள ஒரு ஆள்கிட்ட கையெழுத்து வாங்கி ஒரு கேஸ் கொண்டு வாங்க, லைசென்சுக்கு எழுதுகேன்,” என்றார். கேஸ் கிடைத்தால் தடுக்கமாட்டேன் என்று அண்ணனும் ஒத்துக்கொண்டார். என்னால் முடியாது என்ற நம்பிக்கையில்தான். முடியாவிட்டால் பிறகு இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது என்று என்னிடம் வாக்கும் வாங்கிக்கொண்டார்.

பதினோரு வீடு ஏறி இறங்கினேன். சில வீடுகளில் கதவே திறக்கவில்லை. ஒருவர் ஜாதகத்தைக் கொண்டுவந்து காட்டி, தனக்கு ஆயுசு எண்பத்திரண்டு, அதற்குப் பிறகு வந்து பார் என்றார். மாதம் முடிய நான்கு நாள் இருக்கும்போது, என் கணவரின் சிநேகிதரான பலசரக்குக் கடைக்காரர் வீட்டுக்கு வரச் சொன்னார்.

பெயர், வயது, தொழில் எல்லாம் எழுதியாயிற்று. அவர் மனைவி உள்வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

“நாமினியா? அக்காளுக்க மகன் பேர எழுது மக்கா,” என்றார் கடைக்காரர்.

பேனா நின்றுவிட்டது. எழுதியிருந்தால் அப்போதே கையெழுத்துக் கிடைத்திருக்கும், லைசென்சும் வந்திருக்கும். எனக்குக் கை வரவில்லை.

“அண்ணாச்சி, எங்க வீட்டுக்காரரும் இந்தக் கட்டத்துல இப்படித்தான் எழுதினாரு. நான் இப்ப அண்ணன் வீட்டுல சோறு திங்கேன். மைனி பேர எழுதட்டா?” என்று அவர் மனைவி நின்ற பக்கம் பார்த்தேன்.

“என் வீட்டுல வந்து எனக்கே புத்தி சொல்லுகியா?” அவர் குரல் ஏறிவிட்டது. “எழுதுகதுன்னா எழுது, இல்லன்னா எந்திச்சுப் போ.”

பாரத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எழுந்துவிட்டேன். தெருமுனை வரை நிமிர்ந்துதான் நடந்தேன். பிறகு அழுகை வந்துவிட்டது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை, அதுவும் நானே தட்டிவிட்டது. ஆனாலும் திரும்பிப் போய் அந்தப் பெயரை எழுதிவிடலாம் என்று ஒரு நிமிடம்கூட எனக்குத் தோன்றவில்லை.

மாதத்தின் கடைசி நாள் காலையில் கடைக்காரர் எங்கள் வாசலில் வந்து நின்றார். வேப்பங்காயைக் கடித்தது மாதிரி முகம்.

“அந்தப் பாரம் இருக்கா? எடுத்துட்டு வா. வீட்டுல மூணு நாளா உப்பில்லாத குழம்பு. கேட்டா, உப்பையும் அக்காளுக்க மகன் வீட்டுலேருந்து வாங்கிக்கிடுங்கன்னு சொல்லுகா.”

அவர் வீட்டில் இந்தத் தடவை மைனி என் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்தார். தன் பெயரைச் சொன்னார். எழுதினேன்.

“வாசி,” என்றார். வாசித்தேன்.

“இன்னொரு மட்டம் வாசி மக்கா. என் பேரு ஒரு காயிதத்துல ஏறுகது இதாக்கும் முதல்.”

இரண்டாம் முறை இன்னும் சத்தமாக வாசித்தேன். கடைக்காரர் எங்கள் இருவரையும் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார்.

அண்ணன் வாக்குத் தவறவில்லை. “போயிட்டு வா,” என்று மட்டும் சொன்னார். நாகர்கோவில் பஸ்ஸுக்கு நான் தெருவில் இறங்கியபோது எதிர்வீட்டுக்காரர் வெளியே கால் வைத்தார், என்னைப் பார்த்தார், உள்ளே திரும்பிவிட்டார். தண்ணியை மெல்லக் குடிக்கட்டும் என்று நான் பாட்டுக்கு நடந்தேன். அடுத்த வாரம் அவர் வீட்டுக்கும் போகவேண்டியிருந்தது.