கேட்காமல் போட்ட கையெழுத்து

கொல்கத்தா ஆஸ்பத்திரிகளில் நோயாளியோடு வந்தவர்களுக்கு ஒரு பெயர் உண்டு: பேஷன்ட் பார்ட்டி. ஒற்றை ஆள் வந்தாலும் பார்ட்டிதான், தெருவே திரண்டு வந்தாலும் பார்ட்டிதான். படுக்கை எண்ணைச் சொல்லி, இன்ன பார்ட்டி மூன்றாம் மாடிக்கு வரவும் என்று ஒலிபெருக்கியில் கூப்பிடுவார்கள். அன்றைக்குக் காலை பதினொன்றரை மணிக்கு என் மனைவியின் எண்ணைக் கூப்பிட்டபோது நான் கீழே கேண்டீனில் வெஜிடபிள் சாப் என்கிற பீட்ரூட் கட்லெட் தின்றுகொண்டிருந்தேன். கையில் இருந்ததை முழுசாகத் தின்று, விரலைத் துடைத்துக்கொண்டுதான் மாடி ஏறினேன். கல்நெஞ்சக்காரன் என்று நினைக்கலாம். அந்த மூன்று மாதத்தில் நான் மரத்துப்போயிருந்தேன், அவ்வளவுதான்.

மூன்று மாதத்துக்கு முன்பு அவளுடைய வலது காதுக்குக் கீழே, தாடை வளையும் இடத்தில், ஒரு சின்ன வீக்கம் தெரிந்தது. கடைவாய்ப்பல் என்று நினைத்துப் பல் டாக்டரிடம் போனோம். அங்கிருந்து இன்னொருவர், அவரிடமிருந்து வேறொருவர். கடைசியில் எச்சில் சுரப்பியில் புற்று, தாடையெலும்பிலும் ஒட்டிவிட்டது என்று தெரிந்தது. சுரப்பியோடு அந்தப் பக்கத்துத் தாடையையும் எடுத்துவிட வேண்டும். முழங்காலுக்குக் கீழே இருக்கிற இரண்டு எலும்புகளில் மெல்லியதை வெட்டியெடுத்து, வளைவுக்கு ஏற்றபடி துண்டு போட்டு, தகடு வைத்துத் தாடையாகப் பொருத்துவார்கள். அந்த எலும்பு இல்லாமலும் நடக்கலாமாம். "காலை எடுத்து வாயில வைக்கப் போறாங்க" என்று இவள் பெங்களூரில் இருக்கும் மகளிடம் போனில் சொன்னாள். மகள் அந்தப் பக்கம் அழுதாள், இவள் இந்தப் பக்கம் சிரித்தாள்.

எலும்பைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை. சிக்கல் நரம்பில் இருந்தது. முகத்தை அசைக்கிற நரம்பு அந்தச் சுரப்பியின் நடுவில்தான் ஓடுகிறது. புற்று அதைத் தொட்டிருக்கிறதா என்று ஸ்கேனில் தெரியாது, திறந்து பார்த்தால்தான் தெரியும். தொட்டிருந்தால் வெட்ட வேண்டும். வெட்டினால் அந்தப் பாதி முகம் அசையாது.

அவள் முகத்தைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். டாலிகஞ்ச் பக்கம் ஒரு பள்ளியில் மூன்றாம் வகுப்பு டீச்சர் அவள். நாற்பது வாண்டுகளை அதட்டாமல் அடக்குகிறவள். ஒரு முறைப்பு போதும். வீட்டில் எனக்கும் அதே பாடத்திட்டம். லேக் மார்க்கெட்டில் முருங்கைக்காயை எடுத்துக்கொண்டு அவளைத் திரும்பிப் பார்ப்பேன். உதட்டோரம் இறங்கினால் முற்றல், எடுத்த இடத்திலேயே வைத்துவிட வேண்டும். விருந்தாளி எப்போது கிளம்புவார், நான் எப்போது வாயை மூட வேண்டும், எல்லாம் அந்த முகத்தில் எழுதி ஒட்டியிருக்கும். அதைப் படித்தே நான் குடும்பம் நடத்தினேன்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் மத்தியானம் டாக்டர் எல்லாவற்றையும் விளக்கிவிட்டுப் போனார். அவர் வாசலைத் தாண்டும்வரை காத்திருந்துவிட்டு அவள் என்னிடம் சொன்னாள்: "நரம்பை வெட்டணும்னு வந்தா, என்னைக் கேக்காம சரின்னு சொல்லிடாதீங்க."

"மயக்கத்துல இருக்கிறவகிட்ட எப்படிக் கேக்கிறது?"

"எழுப்பிக் கேளுங்க."

"சரி" என்றேன். அவள் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கட்டிலுக்குக் கீழே இருந்த செருப்பை வீட்டுக்கு எடுத்துப்போகச் சொன்னாள்.

மூன்றாம் மாடியில் ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே ஒரு சிறிய அறை. இரண்டு நாற்காலி, ஒரு மேஜை. டாக்டர் பச்சை உடுப்போடு, முகமூடியைக் கழுத்துக்கு இறக்கிவிட்டு வந்தார். வங்காளமும் ஆங்கிலமும் கலந்து நிதானமாகப் பேசினார். நரம்பில் புற்று இருக்கிறது, துணுக்கு எடுத்துச் சோதித்தாகிவிட்டது. இரண்டு வழி இருக்கிறது. இப்போதே நரம்பை வெட்டி, காலிலிருந்தே ஒரு நரம்பை எடுத்து ஒட்டுப் போடலாம். ஓரளவு அசைவு வரலாம், வராமலும் போகலாம். இல்லையென்றால் இன்றைக்கு இதோடு மூடிவிட்டு, நோயாளி கண் விழித்த பிறகு கேட்டு, மறுபடி திறக்கலாம். அதில் ஆபத்து கூடுதல். ஆனால் செய்யக்கூடாதது இல்லை.

பிறகு கேட்டார்: "இதைப் பத்தி உங்க மனைவி உங்ககிட்ட ஏதாவது சொல்லியிருக்காங்களா?"

"இல்லை" என்றேன்.

நான் அலிப்பூரில் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் முப்பது வருஷம் கோப்பு தள்ளியவன். முடிவெடுக்கத் தயக்கமாக இருந்தால் கோப்பின் ஓரத்தில் 'பேசவும்' என்று எழுதி, வந்த வழியே திருப்பி அனுப்புவது எங்கள் வழக்கம். நான் அதில் கைதேர்ந்தவன். மின்விசிறி வாங்குகிற கோப்பை நான்கு மாதம் 'பேசவும்' போட்டே ஓட்டியிருக்கிறேன். என் வாழ்க்கையிலேயே நியாயமாக 'பேசவும்' என்று எழுத வேண்டிய ஒரே காகிதம் அந்த மேஜையில் இருந்தது. அதில் பத்தே நிமிஷத்தில், படித்துக்கூடப் பார்க்காமல், கையெழுத்துப் போட்டேன்.

காரணம் ஒன்றும் பெரிய ரகசியம் இல்லை. எழுப்பிக் கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுவாள். அது எனக்கு நன்றாகத் தெரியும். எனக்கு அவள் உயிரோடு வேண்டும், முகம் எப்படியாவது இருந்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்தேன். அது அவளுடைய முகம் என்பது அந்தப் பத்து நிமிஷத்தில் எனக்குத் தோன்றவில்லை.

அவளை இரவுபகலாகப் பார்த்துக்கொள்ள ஆஸ்பத்திரி மூலமாகவே ஓர் ஆயா ஏற்பாடாகியிருந்தாள். வயதான வங்காளப் பெண், எல்லோரும் மாஷி என்றுதான் கூப்பிட்டார்கள். என்னை நாளுக்கு அரை மணி நேரம்தான் உள்ளே விட்டார்கள். தொண்டையில் குழாய் போட்டிருந்ததால் இவளால் பேச முடியாது. ஒரு நோட்டும் பேனாவும் கொடுத்திருந்தார்கள். ஐந்தாம் நாள் நோட்டைத் தன் பக்கம் இழுத்து, கோணல்மாணலாக எழுதினாள்: 'நரம்பு. உங்களைக் கேட்டாங்களா?'

"யாரும் கேக்கல" என்றேன். "உள்ளேயே முடிவு பண்ணிட்டாங்க."

நோட்டை மூடி வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். இடது கண் மூடியது. வலது கண் பாதி திறந்தபடியே இருந்தது. நம்பிவிட்டாள் என்று எடுத்துக்கொண்டேன். எனக்குக் குற்ற உணர்ச்சி வந்திருக்க வேண்டும். வரவில்லை. லிப்டுக்குக் காத்திருந்தபோது, கியாஸ் புக் பண்ண வேண்டும் என்பதுதான் ஞாபகம் வந்தது.

வீட்டுக்கு வந்த பிறகு எனக்கு இரண்டு வேலைகள் சேர்ந்தன. அவள் படுக்கப் போகும்போதெல்லாம் வலது கண்ணில் மருந்து விட்டு, இமையை இறக்கி, காகிதப் பிளாஸ்திரி ஒட்ட வேண்டும். இரண்டாவது வேலை காலையில். ஒட்டுப்போட்ட நரம்பு பிடிப்பதற்கு முகப்பயிற்சி கொடுத்திருந்தார்கள். கண்ணாடியைப் பார்த்துச் செய்ய அவளுக்குப் பிடிக்கவில்லை. "அப்படியானால் எதிரே ஒருவர் உட்கார்ந்து செய்து காட்டட்டும்" என்று பயிற்சி கொடுத்த பெண் சொல்லிவிட்டாள். ஆக, ஐம்பத்தாறு வயதில் நான் தினமும் காலை காப்பி குடித்ததும் சாப்பாட்டு மேஜையில் அவளுக்கு எதிரே உட்கார்ந்து, உதட்டைக் குவித்தேன், கன்னத்தை உப்பினேன், புருவத்தைத் தூக்கினேன், ஈ என்று இளித்தேன். கீழ்வீட்டு வங்காள அண்ணி, பௌதி என்போம், ஒருநாள் தயிர்க் கிண்ணத்தோடு வந்தவள், எங்களைப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றுவிட்டாள்.

பத்தாம் மாதம் உதட்டோரத்தில் ஒரு துடிப்பு வந்தது. அதற்குப் பிறகு கன்னம் கொஞ்சம் இறுகியது. அவள் பள்ளிக்கும் திரும்பினாள். ஆனால் முறைப்பு வேலை செய்யவில்லை, வகுப்பை அடக்க ஒரு கைமணி வாங்கிக்கொண்டாள். நான் மனசுக்குள் ஒரு ஏற்பாடு செய்து வைத்திருந்தேன். சிரிப்பு முழுசாகத் திரும்பிவிட்டால் அந்தக் கையெழுத்தைப் பற்றிப் பேச வேண்டியதே இல்லை. அதற்காகத்தான் ஒருநாள் விடாமல் இளித்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

இரண்டு வருஷம் ஆனபோது செக்கப்புக்குப் போனோம். புற்று திரும்ப வரவில்லை, தாடை நன்றாகச் சேர்ந்திருக்கிறது. நரம்பைப் பற்றிக் கேட்டேன். "வந்தது வந்ததுதான், இனிமேல் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். பயிற்சியை நிறுத்திவிடலாம்" என்றார் டாக்டர். மெட்ரோவில் திரும்பி வரும்போது அவள் பெண்கள் இருக்கையில் உட்கார்ந்து வந்தாள்.

மறுநாள் காலை பழக்க தோஷத்தில் இரண்டு பேரும் அதே நாற்காலிகளில் எதிரெதிரே உட்கார்ந்துவிட்டோம். செய்வதற்கு ஒன்றும் இல்லை. காப்பி ஆறிக்கொண்டிருந்தது.

"ஒண்ணு சொல்லணும்" என்றேன். "அன்னைக்கு, ஆபரேஷன் நடுவுல..."

"தெரியும்" என்றாள். அவள் பேச்சு இப்போது கொஞ்சம் குழறும், அதனால் ஒவ்வொரு சொல்லாக நிறுத்திப் பேசுவாள். "மாஷி சொன்னா. தியேட்டர் ஆளுங்க அவகிட்ட சொன்னாங்களாம். உன் புருஷன் பத்து நிமிஷத்துல கையெழுத்துப் போட்டாராம், இப்படி ஒரு மனுஷன் யாருக்குக் கிடைப்பான்னு ஒரே பெருமை அவளுக்கு."

"எப்போ சொன்னா?"

"மூணாம் நாள்."

நான் பொய் சொன்னது ஐந்தாம் நாள்.

"தெரிஞ்சுகிட்டேதான் எழுதிக் கேட்டியா?"

"நீங்களே சொல்லுவீங்கன்னு நெனச்சேன்."

அவள் காப்பியை ஒரு வாய் குடித்து, கைக்குட்டையால் மோவாயைத் துடைத்துக்கொண்டாள். "என்னை எழுப்பிக் கேட்டிருந்தா வேண்டாம்னுதான் சொல்லியிருப்பேன்" என்றாள்.

காப்பாற்றினீர்கள் என்கிறாளா, ஏமாற்றினீர்கள் என்கிறாளா என்று எனக்குப் பிடிபடவில்லை. அவள் முகத்தைப் பார்த்தேன். வலது பக்கம் எப்போதும்போல் இருந்தது. இடது பக்கம் நன்றாகவே அசையக்கூடியது, அதுவும் அசையவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக நெஞ்சில் ஏதோ வலித்தது.

"கோவமா இருக்கியா?" என்று கேட்டேன்.

"ஆமா" என்றாள். "ரெண்டு வருஷமா. கேக்கணும்னு இப்பத்தான் தோணிச்சா?"