பம்பு ரோட்டுக்குப் போன நாள்

எழுபதுகளின் நடுவில் தூத்துக்குடியில் புதுத் துறைமுக வேலை நடந்துகொண்டிருந்தது. நான் அங்கே ஒரு கான்ட்ராக்டரிடம் பம்பு ஓட்டினேன். அதற்கு முன் திரேஸ்புரத்தில் லாஞ்சுப் படகு எஞ்சின்களைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தவனை இந்த வேலையில் சேர்த்துவிட்டது என் அக்காள் புருஷன். அத்தான் அதே கான்ட்ராக்டரிடம் பள்ளம் தோண்டும் கூட்டத்தில் இருந்தார். பேச்சு அதிகம். சிரிப்பு அதைவிட அதிகம். அக்காளைக் கேலி செய்யாமல் அவருக்கு ஒரு வாய் சோறு இறங்காது.

கப்பல் வந்து நிற்கும் மேடைக்குப் பின்னால் ஒரு கழிவுநீர்க் குழாய் பதிக்க வேண்டியிருந்தது. குழாய் போகிற வழியில், கிரேன்களுக்கு மின்சாரம் கொண்டுபோகும் கேபிள் மண்ணுக்குள் குறுக்கே கிடந்தது. வரைபடம் அதை ஓர் இடத்தில் காட்டியது. அது கிடந்ததோ வேறிடத்தில். கிரேன் நிற்கக் கூடாது, அதனால் மின்சாரத்தை நிறுத்தித் தர முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

எங்கள் என்ஜினீயர் கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர், சின்ன வயசு. "கேபிள் இருக்கிற பக்கம் கடப்பாரையே கூடாது. தண்ணியைப் பீச்சி மண்ணைக் கரைச்சு எடுப்போம்" என்றார். ஒரு பம்பு தண்ணீரைத் தள்ளும். ஹோஸ் முனையில் குறுகலான பித்தளைக் குழல், கைப்பிடிக்கு மரம், பிடிக்கிறவருக்கு ரப்பர் உறையும் பூட்ஸும். இன்னொரு பம்பு சேற்றை உறிஞ்சித் தள்ளிக் கொட்டும். கடல் மண் கஞ்சியாய்க் கரைந்து போனது. மணல் விலக விலகத் தார் பூசிய கேபிளின் முதுகு ஒரு கீறல் இல்லாமல் வெளியே வந்தது.

அத்தான்தான் ஹோஸைப் பிடித்தார். முதல் நாள், "ஏலே, கரண்டு கிடக்க இடத்துல தண்ணியா? உங்க அக்காவத் தாலி அறுத்துட்டு வேற ஒருத்தனக் கட்டச் சொல்லுதியளா?" என்று கத்தினார். அந்த வாரமே ஆள் மாறிவிட்டார். "இத்தன வருசம் குருட்டுத்தனமாக் குத்திக்கிட்டு இருந்தோம்லே. இப்பதான் என்னத்தத் தோண்டுதோம்னு கண்ணால பாக்குதேன்" என்றார். வீட்டில் சோறு தின்னும்போதும் அதையே சொல்வார்.

அப்போதுதான் மேலிடத்திலிருந்து ஒரு பெரிய மனிதர் துறைமுகத்தைப் பார்க்க வருகிறார் என்று செய்தி வந்தது. அவர் வருகிற அன்றைக்குத் தண்ணீர் லாரி மக்கர் செய்துவிட்டது. ரோட்டில் புழுதி பறந்தது. காலையிலேயே எங்களை வேலை வாங்கும் மேஸ்திரி என்னிடம் வந்தார்.

"ஏலே, ரெண்டு பம்பையும் வண்டில ஏத்து. ரோட்டுக்குத் தண்ணி அடிக்கணும்."

"பள்ளத்து வேல பாதில நிக்கே மேஸ்திரி?"

"அத நான் பாத்துக்கிடுதேன். நீ போ."

என்ஜினீயரை மாலையோடு வரவேற்பு வரிசையில் நிறுத்தியிருந்தார்கள். நான் பம்பை ஏற்றிக்கொண்டு போனேன். பிறகு பள்ளத்தில் நடந்ததை, அத்தானோடு நின்ற ஓர் ஆள் எனக்குச் சொன்னார்.

திறந்த பள்ளத்தைப் பெரிய மனிதர் பார்த்தால் அசிங்கம், அவர் வருவதற்குள் குழாயை இறக்கி மூடியாக வேண்டும் என்று மேஸ்திரி பிடிவாதமாக நின்றிருக்கிறார். "பம்பு வரட்டுமே மேஸ்திரி, கேபிள் வளைஞ்சு போவுது, அங்கன எங்க கிடக்குன்னு தெரியல" என்று அத்தான் சொல்லியிருக்கிறார்.

"பம்பு வாரது வரைக்கும் கையக் கட்டிக்கிட்டு நிப்பியோ? அப்ப நாளைக்கு வராத."

அத்தான் கடப்பாரையை எடுத்திருக்கிறார்.

நான் ரோட்டில் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தேன். தற்செயலாகக் கப்பல் மேடைப் பக்கம் பார்த்தபோது கிரேன்கள் எல்லாம் ஒன்றாக நின்றன. தூக்கிய சரக்கு அந்தரத்தில் தொங்கியது. ஏதோ ஆகிவிட்டது என்று தெரிந்தது. யாருக்கு என்று தெரியவில்லை. அத்தானோடு நின்ற ஆள் ஓடிவந்து என் சட்டையைப் பிடித்தபோதுதான் தெரிந்தது.

அத்தானுக்கு உயிர் இருந்தது. முகமும் இரண்டு கைகளும் வெந்திருந்தன. கல் லாரியில் கிடத்தி அவர் தலையை என் மடியில் வைத்துக்கொண்டேன். நான் நனைத்த அதே ரோட்டில் போலீஸ்காரர் லாரியை மறித்தார். "கார் எல்லாம் போகட்டும்" என்றார். "சார், ஆள் செத்துருவாரு" என்று கத்தினேன். அவர் பின்னால் திரும்பிப் பார்த்துவிட்டு, "ஓரமா நிறுத்து" என்றார். வெள்ளைக் கார்கள் வரிசையாகப் போயின. துளி தூசி எழும்பவில்லை. தண்ணீர் வேண்டும் என்று அத்தான் முனகிக்கொண்டே இருந்தார்.

ஆஸ்பத்திரியில் வலது கையை முழங்கைக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். இடது கை விரல்கள் ஒட்டிப்போயின.

கேபிளை ஒட்டுப்போட, அன்றைக்கே மண் தள்ளி மூடிவிட்ட அந்த இடத்தை மறுபடி திறக்க வேண்டும் என்று மறுநாளே என்னைக் கூப்பிட்டார்கள். இப்போது இரண்டு பம்பும் இருந்தன, என்ஜினீயர் இருந்தார், மின்சாரத்தையும் நிறுத்தியிருந்தார்கள். மேஸ்திரி கரையில் நின்றுகொண்டு, "பாத்து, பாத்து, கேபிள்ல அடி பட்டுறாம" என்றார். நான் தண்ணீரைப் பீச்சினேன். மண் கரைந்து முதலில் அத்தானின் ஒரு செருப்பு வந்தது. அப்புறம் நுனி உருகிய கடப்பாரை. ஹோஸை மேஸ்திரியின் மூஞ்சிக்குத் திருப்ப வேண்டும் என்று கை துடித்தது. திருப்பவில்லை. இரண்டு வீட்டு அடுப்பும் இனி என் ஒருவன் வேலையில் எரிய வேண்டும்.

விசாரணை என்று ஒன்று நடத்தினார்கள். தொழிலாளி தானாகவே கடப்பாரை போட்டது கவனக்குறைவு என்று முடித்தார்கள். ஆஸ்பத்திரிக்கு வந்து கண் கலங்கிய என்ஜினீயர் விசாரணையில் வாயைத் திறக்கவில்லை. அவரையும் நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

அக்காள் உப்பளத்துக்குப் போக ஆரம்பித்தாள். வருகிறபோது காலெல்லாம் வெடித்திருக்கும். வந்ததும் அத்தானுக்கு ஊட்டிவிடுவாள். கேலி பேசின வாய் அவள் கொடுத்ததை வாங்கிக்கொண்டு சுவரைப் பார்த்தபடி மெல்லும். "உப்புப் பத்துதா?" என்று அவள் கேட்டால் தலையை மட்டும் ஆட்டுவார்.

ஒரு நாள், நான் அங்கே தொடர்ந்து வேலைக்குப் போவது பற்றிக் கேட்டேன். "அந்த மேஸ்திரி கீழ நான் எப்படி அத்தான் நிப்பேன்?"

அவர், "உங்க அக்கா காலப் பாத்தியாலே?" என்றார்.

போனேன். வேலை முடிகிறவரைக்கும் அதே மேஸ்திரியிடம்தான் பம்பு ஓட்டினேன். தினமும் காலையில் அவர் வேலை சொல்வார். நான் "சரிங்க மேஸ்திரி" என்பேன்.