குட்டைச் சோளம்

எழுபதுகளின் தொடக்கத்தில், ஹைதராபாத்தின் ஓரத்தில் இருந்த ஒரு புன்செய் ஆராய்ச்சிப் பண்ணையில் எனக்கு வேலை கிடைத்தது. அப்பா ரயில்வே பட்டறையில் ஃபிட்டர்; மௌலா அலியில் குவார்ட்டர்ஸ். எங்கள் சர்ச்சைச் சேர்ந்த படித்த பெண்கள் டீச்சராகவோ நர்ஸாகவோ போவார்கள். சோளம் வளர்க்கப் போனவள் நான் ஒருத்திதான். "வெயில்ல நின்னு கறுத்துப்போறதுக்கா உன்னை இவ்வளவு படிக்க வச்சோம்?" என்று முதல் மாதம் முழுக்க அம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு விட்டுவிட்டாள்.

பருவநிலை மாற்றம் என்ற சொல் அன்று எங்களிடம் கிடையாது. மழை முன்போல இல்லை, பாதியிலேயே நின்றுவிடுகிறது என்பது மட்டும் தெரியும். நாட்டுச் சோளம் ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து, கதிரில் மணி பிடிக்கும் நேரத்தில் மண் காய்ந்து வெடித்திருக்கும். மழை நிற்பதற்குள் விளைந்துவிடும் சோளம் ஒன்றைக் கண்டுபிடிப்பதுதான் எங்கள் பிரிவின் வேலை.

என் பக்கத்து மேஜை நண்பர் ஹைதராபாத்துக்குத் தெற்கே பாலமூர்ப் பக்கத்துக்காரர். தெலுங்கர். கோயம்புத்தூரில் விவசாயம் படித்ததால் தமிழ் பேசுவார். ஒவ்வொரு பேச்சும் 'ங்க'வில்தான் முடியும். சின்ன வயதிலேயே தகப்பன் போய்விட, அண்ணன் பள்ளிக்கூடத்தை விட்டு ஏர் பிடித்து அவரைப் படிக்கவைத்தார். "எங்க அண்ணன் நிலத்துல விளைஞ்சாத்தானுங்க மேடம், அது விதை. இங்க பண்ணையில எது போட்டாலும் முளைக்கும்" என்பார்.

சில வருட உழைப்பில் ஒரு ரகம் தேறியது. இடுப்பு உயரம்தான் வளரும். ஆனால் சீக்கிரமே முற்றி, கைப்பிடி கனத்துக்குக் கதிர் வைக்கும். வெளியூர் வயல்களில் விதைத்துப் பார்ப்பது பற்றி நடந்த கூட்டத்தில் எல்லோரும் மகிழ்ச்சியாக இருந்தார்கள். நண்பர் மட்டும் எழுந்து, "தட்டை போதாதுங்க சார். மாடு என்ன தின்னும்?" என்று கேட்டார். கதிர் அறுத்தபின் மிஞ்சும் தண்டுதான் தட்டை; குட்டைச் சோளத்தில் அது பாதிகூடத் தேறாது. நாட்டுக்கு இப்போது தானியம்தான் வேண்டும், தட்டையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இயக்குநர் சொல்லிவிட்டார். இயக்குநர் சொன்னதும் தவறென்று சொல்ல முடியாது. ஊர் ஊராகக் கஞ்சித்தொட்டி வைத்திருந்த காலம் அது.

செய்தி கேட்டு அண்ணனே பஸ் பிடித்துப் பண்ணைக்கு வந்துவிட்டார். தம்பியின் முகத்தில் மீசையைக் கொஞ்சம் வெளுத்து ஒட்டியதுபோல் இருந்தார். வயலில் நின்று கதிர்களைத் தடவித் தடவிப் பார்த்தார்.

"தட்டை கம்மியா வரும் அன்னா. யோசிச்சுக்கோ" என்று தம்பி தெலுங்கில் சொன்னார்.

"முதல்ல பிள்ளைங்க வயிறு. மாட்டுக்கு எங்கயாவது புல் கிடைக்காதா?" என்று அண்ணன் சிரித்தார். விதைப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு போனார்.

அந்த வருடமும் மழை பாதியில் நின்றது. சுற்றியிருந்த வயல்களெல்லாம் கதிர் இல்லாமல் காய்ந்து நிற்க, அண்ணன் வயல் மட்டும் விளைந்தது. நண்பர் ஒரு கதிரைக் கொண்டுவந்து என் மேஜைமேல் வைத்தார். ஆபீஸ் முழுக்கப் பேடா கொடுத்தார். அவரை அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை.

கோடை வந்தது. எங்குமே புல் இல்லை. கதிர் வைக்காமல் காய்ந்த நாட்டுச் சோளத்தை அறுத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள் மாடுகளுக்குப் போட்டார்கள். அண்ணன் வீட்டில் சோறு இருந்தது, தட்டை இல்லை. நண்பர் லீவு போட்டு, சிகந்திராபாத்தில் எருமை வைத்திருப்பவர்களுக்குத் தீனி விற்கும் மண்டிகளையெல்லாம் சுற்றினார். போவன்பள்ளியில் ஒரு வியாபாரியிடம் நானும் கூடப் போய்க் கேட்டேன். "நக்கோ சாப், முடியாது. இருக்கிறது இங்க எருமைங்களுக்கே பத்தாது" என்று அவர் நண்பரைப் பார்த்துக் கையை விரித்தார். கடைசியில் எங்கோ தேடிப்பிடித்த தட்டையை ஒரு லாரியில் ஏற்றிக்கொண்டு போனபோது கொட்டில் காலியாக இருந்தது. நிற்கக்கூட முடியாமல் போன உழவு மாடுகளை அண்ணன் சந்தையில் தள்ளிவிட்டிருந்தார்.

அடுத்த மழைக்கு ஏர் பூட்ட மாடில்லை. இரவல் கேட்டால், தங்கள் நிலம் உழுத பிறகுதானே எவரும் கொடுப்பார்கள்? அதற்குள் ஈரம் போய்விட்டது. அந்த ஊரிலிருந்து பம்பாய்க்குக் கட்டட வேலைக்கு ஆள் கூட்டிப்போகும் மேஸ்திரியோடு அண்ணன் கிளம்பிவிட்டார். "ரெண்டு வருஷத்துல மாடு வாங்கிட்டு வந்துடறேன்னு சொன்னாருங்க" என்று நண்பர் என்னிடம் சொன்னார்.

சாரம் சரிந்து விழுந்து அண்ணன் இறந்துவிட்டதாக எங்கள் ஆபீஸுக்குத்தான் தந்தி வந்தது. பியூன் அதை என்னிடம் கொடுத்துவிட்டு நகர்ந்துகொண்டான். நண்பர் வயலில், வேறு மகரந்தம் படாமல் இருக்கக் கதிர்களுக்குக் காகிதப் பை மாட்டிக்கொண்டிருந்தார். தாளை நீட்டினேன். படித்துவிட்டு, கையிலிருந்த பையையும் அடுத்த கதிருக்கு மாட்டி முடித்தார். பிறகு வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அதன்பின் அவருக்கு ஒரே வேலைதான். நாட்டுச் சோளத்தையும் குட்டைச் சோளத்தையும் கலந்து, சீக்கிரம் விளையவும் வேண்டும், தட்டையும் நிறையத் தர வேண்டும் என்று பருவம் தவறாமல் ஒட்டுச் சேர்த்தார். உயரமாக வளர்ந்தது நேரத்தில் விளையாது. நேரத்தில் விளைந்தது வளராது. அவர் தலை நரைத்தது. எனக்குக் கல்யாணமாகி, இரண்டு பிள்ளைகள் பிறந்து, அவர்கள் நான் தமிழில் கேட்டால் இந்தியில் பதில் சொல்லும் அளவுக்கு வளர்ந்த பிறகுதான் அந்த ரகம் கைக்கு வந்தது.

முதல் விதையை அண்ணி வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும், நானும் வர வேண்டும் என்றார். ஜீப்பில் போனோம். அண்ணி எங்களுக்கு மோர் கொடுத்தார். அவர் பிள்ளைகளும் பம்பாய்க்குப் போய்விட்டார்கள். நிலத்தில் முள் மண்டிக் கிடந்தது. நண்பர் விதைப் பையைப் பிரித்து, "தட்டை நல்லா வரும் வதினா" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் விளக்கினார். அண்ணி பொறுமையாகக் கேட்டார்.

"மாடே இல்லாத வீட்டுக்குத் தட்டை எதுக்குய்யா?" என்றார். குரலில் கோபம் கொஞ்சமும் இல்லை. உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்டார்.

நண்பர் பையைக் கட்டினார். பக்கத்து நிலத்துக்காரர் வாங்கிக்கொண்டார். திரும்பும் வழியில் ஜீப்பை நிறுத்தச் சொல்லி இறங்கி, ஒரு புளியமரத்தடியில் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றார். தோள்கள் குலுங்குவது தெரிந்தது. டிரைவரும் நானும் வண்டியை விட்டு இறங்கவில்லை.

அந்தப் பருவமே அவர் விதைப் பரிசோதனைக் கூடத்துக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டார். நகரத்துக்குள் ஒரு மாடி அறை. வயலுக்குப் போகத் தேவையில்லாத வேலை. அறுவடைக்கு நான் மட்டும் அந்த ஊருக்குப் போனேன். சோளம் என் தலைக்கு மேல் நின்றது. கதிரும் கனமாக இருந்தது. அந்த விவசாயி தட்டையைக் கட்டுக் கட்டாக வண்டியில் ஏற்றிக்கொண்டே, "அந்த சார் வரலியா?" என்று கேட்டார்.

"அவருக்கு ஆபீஸில் வேலை அதிகம்" என்று சொன்னேன்.