மூன்றை எட்டால் வகுப்பது

தேயிலைக் கன்றுகளுக்குத் தெளிக்கும் திரவ உரத்தை, தொட்டிக்கு 3/8 லிட்டர் கலக்கும்படி எஸ்டேட் கணக்கெழுதும் கிராணி சீட்டில் எழுதியிருந்தார். ரிங்லெட் டவுன் கடையில் வாங்கிய புது அளவுக் குவளையிலோ புள்ளி வைத்த எண்கள்தான் இருந்தன. அவரிடம் கேட்கக் கூச்சப்பட்டு, சீட்டின் பின்புறம் நானே வகுத்தேன். சின்ன எண்ணைப் பெரிய எண்ணால் எப்படி வகுப்பது? அதனால் எட்டை மூன்றால் வகுத்தேன். 2.666 என்று முடியாமல் போனது.

“ரெண்டரை லிட்டருக்கு மேலயா? கன்னெல்லாம் கருகிடும் லா, அக்கா!” என்றாள் கூட வேலை செய்பவள்.

வேறு வழியின்றிக் கிராணியிடம் போனேன்.

“மேல உள்ளதத்தான் கீழ உள்ளதால வகுக்கணும்மா. போகலன்னா சைபர் போட்டுப் புள்ளி வை. மூணு முப்பதாயிடும்” என்றார்.

0.375 வந்தது. அதையே கலந்து தெளித்தோம்; கன்றுகள் கருகவில்லை. ஆனால் ஒரு புள்ளி வைத்ததும் மூன்று எப்படி முப்பதாகிறது என்பது எனக்கு இன்னும் புரியவில்லை.