மாடிவீட்டுக்கு வராத வைஃபை

பெட்டியின் மேல் பென்குயின் படம் போட்டிருந்தார்கள். விண்டோஸுக்குப் பதிலாக நான் வைத்திருந்த லினக்ஸில் ஓடும் என்று அர்த்தம். அதை அச்சடித்தவன் அன்றைக்கு என் கையில் கிடைத்திருந்தால் தெரிந்திருக்கும்.

இரண்டாயிரங்களின் கடைசியில் நாகமலை புதுக்கோட்டையில் மாடிவீட்டில் குடியிருந்தேன். கீழே வீட்டுக்காரர், சௌராஷ்டிரக்காரர், ஜவுளி வியாபாரி. தன் பிராட்பேண்டை எனக்கும் கொடுத்தார். சுவரில் ஓட்டை போட்டு ஒயர் இழுக்க மட்டும் சம்மதிக்கவில்லை. அதனால்தான் யூஎஸ்பியில் செருகும் அந்த வைஃபை குச்சியை வாங்கினேன்.

சிடியில் இருந்த டிரைவர் மென்பொருளை என் லினக்ஸ் சீண்டக்கூட இல்லை. இணையத்தில் தேடியெடுத்து, நானே கம்பைல் செய்து ஓடவைத்தேன். ஒரு மாதம் ஒழுங்காக ஓடியது. ஆயுத பூசை முடிந்த வாரம் வினை ஆரம்பித்தது. ஐந்து நிமிடம் ஓடும், அறுந்துவிடும். பிடுங்கிச் செருகினால் இன்னொரு ஐந்து நிமிடம்.

எனக்கு வேலை போய் நாலு மாதம். வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஒரு பெங்களூர் கம்பெனி இணையம் வழியாக இன்டர்வியூ வைத்திருந்தது. நடுவில் அறுந்தால் அந்த வேலையும் போச்சு.

டிரைவரைக் கழற்றி மறுபடி போட்டேன். மின்சேமிப்பை நிறுத்தினேன். வைஃபை சேனலை மாற்றினேன். இணைய ஃபோரத்தில் ஒருவன் ‘வேறு வாங்கு’ என்று எழுதினான். இதைச் சொல்ல ஒரு ஃபோரமா? கப்பலூரில் வேலை பார்த்த நண்பனோ, “மாப்ள, பேசாம விண்டோஸப் போட்டுத் தொல” என்றான். போனை வைத்துவிட்டேன். கம்ப்யூட்டரின் லாக் பதிவில் ‘யூஎஸ்பி துண்டிக்கப்பட்டது’ என்று வரிவரியாக வந்துகொண்டே இருந்தது. அதையும் டிரைவரின் திமிர் என்றே எடுத்துக்கொண்டேன்.

புதன்கிழமை, கோபம் வீட்டுக்காரர் மேல் திரும்பியது. படியில் நின்று கத்தினேன். “நீங்கதானண்ணே ரூட்டர அணைச்சு அணைச்சுப் போடுறீங்க? வெள்ளிக்கிழம காலைல ஒம்போது மணிக்கு எனக்கு இன்டர்வியூ. குடுக்க மனசில்லைன்னா சொல்லிருங்க!”

அவர் தன் மனைவியிடம் அவர்கள் பாஷையில் ஏதோ சொல்லிவிட்டு உள்ளே போனார். என்னைத்தான் திட்டுகிறார் என்று அதற்கும் கொதித்தேன்.

வெள்ளிக்கிழமை எட்டு மணிக்குக் கதவைத் தட்டினார்.

“தம்பி, கம்ப்யூட்டரக் கீழ கொண்டாங்க. ரூட்டர்லயே ஒயரச் சொருகிப் பேசுங்க. நீங்க பேசுறப்ப மிக்ஸி போடக் கூடாதுன்னு அன்னைக்கே வீட்ல சொல்லிட்டேன்.”

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. சிபியூவைத் தூக்குவதற்காகக் குச்சியைப் பிடுங்கினேன். இத்தனை நாளும் மேசைக்கடியில் தடவித் தடவித்தான் செருகியிருந்தேன்; வெளிச்சத்தில் அதன் வாய் மஞ்சளாகத் தெரிந்தது. சந்தனம். காய்ந்து, தகடுகளின் மேல் இறுகியிருந்தது. ஆயுத பூசையன்று மானிட்டர், கீபோர்டு, மவுஸ் என்று ஒன்று விடாமல் பொட்டு வைத்தவன் நான். இத்துனூண்டு குச்சியையும் விடாமல் கழற்றி அதன் வாயிலும் அப்பியிருக்கிறேன்.

“என்ன தம்பி அது?”

“ஒண்ணுமில்லண்ணே” என்று கட்டைவிரலால் மூடிக்கொண்டேன்.

வேலை கிடைத்தது. அந்த வெள்ளிக்கிழமை காலை கீழ்வீட்டில் எல்லோரும் சட்னி இல்லாமல் பொடி தொட்டு இட்லி சாப்பிட்டார்கள்.