முதல் பில்லின் கீழே ஒரு பெயர்

ஒரே கம்ப்யூட்டரில் ஐந்து பேர் வேலை செய்கிறோம் என்று செவ்வாய்ப்பேட்டை முதலாளி போனில் சொன்னபோது, மாறி மாறி உட்காருகிறார்கள் என்றுதான் நினைத்தேன். நேரில் போய்ப் பார்த்தால் நாற்காலியில் ஆளே இல்லை. திரையில் மவுஸ் அம்பு மட்டும் தானாக ஓடிக்கொண்டிருந்தது. நாமக்கல்லில் இருந்து ஒருவர் ரிமோட்டில் வந்து பில் போடுகிறார். பாதியில் பள்ளிபாளையத்தில் இருந்து இன்னொருவர் வந்து அதே அம்பைப் பிடித்து இழுக்கிறார். எனக்கு வாய் பிளந்துவிட்டது. பக்கத்தில் நின்ற கணக்குப்பிள்ளை டீயை உறிஞ்சிக்கொண்டே, "இன்னைக்கு நாமக்கல்லு ஜெயிக்குமாட்ட இருக்குதுங்க" என்றார்.

கோழிப் பண்ணைகளுக்கும் மாட்டுக்காரர்களுக்கும் மக்காச்சோளம், புண்ணாக்கு, தவிடு விற்கும் மொத்த வியாபாரம் அது. நான் இன்ஜினியரிங் முடித்து, பெங்களூரு வேலையில் கால் தரிக்காமல் ஊர் திரும்பி, இப்படிப்பட்ட கடைகளுக்கு சர்வர் போட்டுக் கொடுத்துக்கொண்டு ஸ்கூட்டியில் சுற்றுகிறவள். இந்தக் கூத்தைப் பார்த்ததும் கை துறுதுறுத்தது. ஒரு நல்ல சர்வர், அதற்குள் ஆளுக்கொரு தனித் திரை. யார் எங்கிருந்து வேண்டுமானாலும் ஒரே நேரத்தில் உள்ளே வரலாம். சரக்கு இருப்பு எல்லாருக்கும் ஒன்று, பில் எண்ணும் ஒரே வரிசை. மூச்சு விடாமல் விளக்கினேன். அடிதடி இல்லாமல் இருந்தால் சரி, எப்படியோ செய் கண்ணு என்று முதலாளி சிரித்தார்.

பழைய மென்பொருளில் இருந்த ஐந்து பெயர்களையும் எழுதி வைத்துக்கொண்டு, ஒவ்வொருவருடைய போன் நம்பரையும் கேட்டேன். முதலாளியின் தம்பி பெயர் வந்ததும் கணக்குப்பிள்ளை டம்ளரைக் கீழே வைத்தார்.

"அந்த நம்பருக்கு அடிச்சா யாருங்க எடுப்பாங்க? சின்னவரு போன வருசமே மாரடைப்புல போய்ட்டாருங்களே."

நான் திரையைப் பார்த்தேன். அன்று விடியற்காலை போட்ட முதல் பில்லின் கீழே, 'தயாரித்தவர்' என்ற இடத்தில் அவர் பெயர் இருந்தது. முந்தின நாளும் அதே பெயர். பின்னோக்கித் தள்ளிக்கொண்டே போனேன். ஒவ்வொரு நாளும் முதல் பில் அவருடையதுதான்.

கணக்குப்பிள்ளை என் முகத்தைப் பார்த்துவிட்டு விவரம் சொன்னார். பள்ளிபாளையம் குடோனைச் சின்னவர்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் போன பிறகு அவர் மனைவி பார்க்கிறார், பி.காம். படித்தவர். வீடு குடோனை ஒட்டியே இருப்பதால் விடிவதற்குள் லோடு ஏற்றி அனுப்பிவிடுகிறார், கணவரின் பாஸ்வேர்டிலேயே பில் போட்டு. தை மாதம் வரை பார்க்கலாம், நன்றாக ஓடினால் குடோன் அவர் கையிலேயே இருக்கட்டும், இல்லையென்றால் நூல் வியாபாரி ஒருவருக்கு வாடகைக்கு விட்டுவிடலாம் என்று குடும்பத்தில் பேச்சாம்.

எனக்கு அப்போது அதெல்லாம் பெரிதாகப் படவில்லை. இறந்தவரின் லாகின் திறந்து கிடக்கிறதே என்பதுதான் உறுத்தியது. பாதுகாப்பு என்று ஒன்று இருக்கிறது அல்லவா? ஓர் ஆளுக்கு ஒரு பெயர், அந்தப் பெயரில் அந்த ஆள் மட்டும்: இதுதான் நான் போகிற கடையிலெல்லாம் சொல்கிற முதல் பாடம்.

அடுத்த நாளே பள்ளிபாளையம் போனேன். சின்னவரின் மனைவியைப் பார்த்ததும் அக்கா என்றுதான் வாயில் வந்தது. அக்கா நைட்டிமேல் துண்டைப் போட்டுக்கொண்டு, தவிட்டுத் தூசி படிந்த கீபோர்டின் முன்னால் உட்கார்ந்திருந்தார். புது லாகினுக்கு அவர் பெயரைக் கேட்டதும் தயங்கினார். இருக்கிறதே இருக்கட்டுமே என்றார். நான் விடவில்லை. ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னார், அடித்தேன். திரையில் தன் பெயர் வந்து நின்றதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எழுந்து போய் எனக்கு டீ போட்டுக்கொண்டு வந்தார்.

புது சர்வருக்கு நல்ல நேரம் பார்த்து, சந்தனம் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டினார்கள். முதல் பில்லை நான்தான் போட வேண்டும் என்று முதலாளி பிடிவாதம் பிடித்தார். கன்னிப் பெண் கை, ராசியான கை என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அந்தப் பில்லைப் படம் எடுத்து ஸ்டேட்டஸில்கூட வைத்தேன். தினமும் காலையில் முதல் பில் அவருடைய போனுக்கு வந்து விழும்படி செய்துகொடுத்தேன். அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் கடைக்குக் கிளம்புவேன் என்றார்.

அடுத்த வாரமே அவரிடமிருந்து போன். பள்ளிபாளையத்து லாகின் மட்டும் காலை பத்து மணிக்கு மேல் திறக்கிற மாதிரி வைக்க முடியுமா என்று கேட்டார். முடியுமாவா! சர்வரில் ஒவ்வொரு யூசருக்கும் நேரம் வைக்கலாம் என்று காட்ட எனக்குக் கிடைத்த வாய்ப்பு. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு நிதானமாக வேலை பார்க்கட்டும் என்று நினைக்கிறார் போல, எவ்வளவு நல்ல மனிதர் என்று எண்ணிக்கொண்டே, டீக்கடையில் நின்றபடி அந்த வேலையை முடித்தேன்.

மறுநாள் விடிந்ததும் அக்காவின் போன்.

"கண்ணு, உள்ளயே உட மாட்டேங்குதுங்க. லோடு ஏத்தி லாரி நிக்குது. ஈ-வே பில்லு இல்லாம டிரைவர் வண்டிய எடுக்க மாட்டேங்கறாரு."

நான் உற்சாகமாகவே விளக்கினேன், முதலாளி அண்ணாதான் உங்களுக்காகச் சொன்னார் என்று. அந்தப் பக்கம் லாரியின் ஹாரன் கேட்டது.

"அவிய சொன்னாங்களா? செரிங்க கண்ணு," என்று வைத்துவிட்டார்.

அந்த வாரம் முழுக்க லாரிகள் வெயில் ஏறும் வரை காத்துக்கிடந்தன. குமாரபாளையம் பக்கத்துப் பண்ணைக்காரர் ஒருவர், கோழி பட்டினி கிடக்குமா என்று கத்திவிட்டு ஈரோட்டுக் கடைக்கு மாறிப் போனார். நூல் வியாபாரி வந்து குடோனை அளந்து பார்த்துவிட்டுப் போனதாகக் கணக்குப்பிள்ளை சொன்ன அன்று, நான் நேராக முதலாளியிடம் போனேன்.

அவர் கோபப்படவில்லை. எனக்கு மோர் வாங்கிவரச் சொன்னார். குழந்தைக்குச் சொல்கிற குரலில் சொன்னார்:

"சாமி, அந்தப் புள்ளைய நான் ஒரு வார்த்த சொன்னதில்ல. எங்கூட்டுல அதுக்கு ஒரு கொறையும் வெக்கல. ஆனா விடிஞ்சதும் மொதப் பில்லுல, அப்பிடி ஆயிட்ட பொம்பள பேரு வந்து நின்னா யாவாரம் என்னத்துக்கு ஆகும்? நீயே சொல்லு."

மோர் டம்ளர் என் கையிலேயே நின்றுவிட்டது. முகம் தெரியாத, குரல் கேட்காத, பல மைல் தள்ளி இருக்கிற ஒரு திரையில் வெறும் பெயர். அதற்குமா?

"ஒரு வருசமா அவங்கதானே அண்ணா போட்டாங்க?"

"அது சின்னவன் பேருல வந்துச்சு."

"அவரு எறந்துட்டாருங்களே!"

"எறந்தா என்ன கண்ணு? எங்கூட்டு ஆம்பள பேரு."

இதில் புரியாமல் போக என்ன இருக்கிறது என்பதுபோல் என்னைப் பார்த்தார். நான் என் கையைப் பார்த்தேன். கற்பூரப் புகைக்கு நடுவே ராசியான கை என்று இவர் புகழ்ந்த கை. அந்த ராசிக்கும் ஒரு நிபந்தனை இருக்கிறது என்பது அப்போதுதான் உறைத்தது.

பள்ளிபாளையத்துக்கு ஸ்கூட்டியை முறுக்கிக்கொண்டு போகும் வழியெல்லாம் மனதுக்குள் பேச்சுத் தயாரித்தேன். குடோனுக்குத் தனி எண் வரிசை போடலாம், பங்கு கேட்கலாம், சண்டை போடலாம். அக்கா மூட்டைகளுக்கு நடுவில் நின்றுகொண்டு எல்லாவற்றையும் கேட்டார். அவருக்குத் துளியும் அதிர்ச்சி இல்லை. நேரம் வைத்த அன்றே தெரிந்துவிட்டது என்றார்.

"பழைய பேரையே திருப்பிப் போட்டுருங்க."

"அக்கா, செத்துப்போனவங்க பேர்ல உங்களை…"

"நீங்க எம்பேரு வெச்சீங்க, லோடு நின்னு போச்சு. பேரு எதுக்குங்க கண்ணு? எனக்குக் குடோன் வேணும்."

உட்கார்ந்தேன். உயிரோடு என் தோளுக்குப் பின்னால் நிற்கிறவரின் லாகினை முடக்கினேன். இறந்தவருடையதைத் திறந்து, எந்த நேரமும் உள்ளே வரலாம் என்று வைத்தேன். மறுநாள் விடியலில் லாரி போனது. முதலாளி என்னை அழைத்து, இப்போதுதான் மனசு நிம்மதியாக இருக்கிறது என்று மனதார வாழ்த்தினார்.

தை பிறந்து, சர்வரைச் சரிபார்க்கப் போயிருந்தேன். முதலாளி பூரிப்பாக இருந்தார். பள்ளிபாளையம் நன்றாக ஓடியிருக்கிறது, ஈரோட்டுக்கு மாறிய பண்ணைக்காரர்கூடத் திரும்பி வந்துவிட்டார், குடோன் அந்தப் பிள்ளையிடமே இருக்கட்டும் என்று குடும்பத்தில் சொல்லிவிட்டாராம். போனை எடுத்து அன்றைய முதல் பில்லை எனக்குக் காட்டினார்.

"எல்லாம் சின்னவன் ராசி கண்ணு. போயும் கைவுடல பாரு."

வாயைத் திறந்தேன். நான் ஒரு வார்த்தை திருத்தினால் அந்தக் குடோன் என்ன ஆகும் என்று நினைத்ததும் மூடிக்கொண்டேன். "ஆமாங்கண்ணா" என்று நான் சொன்னது எனக்கே கேட்டது.

வெளியே வந்து அக்காவை அழைத்தேன். குடோன் விஷயம் அவருக்கு ஏற்கனவே தெரிந்திருந்தது. ராசி யாருடையது என்று முதலாளி சொன்னதை நான் சொன்னதும் அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு வெடித்தது. அடக்க முடியாமல் இருமி, மூச்சு வாங்கி, மறுபடியும் சிரித்தார்.

"எங்கூட்டுக்காரரு இருந்த காலத்துல ஒரு நாளும் விடியறதுக்குள்ள எந்திரிச்சதே இல்லீங்க கண்ணு. அப்பவும் மொதப் பில்லு நாந்தான் போட்டேன்."

நான் நடுத்தெருவில் நின்றுவிட்டேன். பின்னால் வந்த ஆட்டோக்காரர் திட்டினார்.

"வெச்சுரட்டுங்களா? லாரி வந்துருச்சு," என்றார் அக்கா.