கருவிழியில் ஒரு சுழி

1968 மே மாதம், மாட்டுங்காவில் டாக்டர் வெங்கடராமனின் கண் ஆஸ்பத்திரிக்குப் புதிய ஸ்லிட் லாம்ப் வந்தது. கண்ணுக்குள் மெல்லிய ஒளிக்கீற்றைப் பாய்ச்சி, உள்ளே இருப்பதைப் பெரிதாக்கிக் காட்டும் கருவி. அங்கே ஆயா வேலை பார்த்த பேராச்சி அதைத் துடைத்து வைத்தாள். தாராவியிலிருந்து தினமும் நடந்து வருபவள். வயது முப்பத்தொன்று. அவளுடைய பார்வையில் ஒரு குறையும் இல்லை.

"பேராச்சி, இதுல மோவாயை வெச்சுண்டு உக்காரு. சரியா தெரியறதான்னு பாக்கணும்" என்றார் டாக்டர்.

வெளிச்சம் வலக்கண்ணைக் கடந்தது, நின்றது, திரும்பி வந்தது. பிறகு இடக்கண்ணுக்குப் போனது. 

"மலேரியா மாத்திரை மாசக்கணக்கா சாப்ட்டிருக்கியா? அதனாலயும் கண்ணு இப்படி ஆகும்."

"இல்லியே ஐயா."

"உன்கூடப் பொறந்தவா யாருக்காவது உள்ளங்கை, உள்ளங்கால் எரிச்சல் உண்டா?"

"அண்ணனுக்கு இருந்துது. செத்துப் போனான்."

"அவனுக்கு வேர்க்காதோ?"

"வேர்க்காது."

"தொப்புளைச் சுத்தி, தொடையில, பொடிப்பொடியா செவப்புப் புள்ளி?"

அவள் கருவியிலிருந்து முகத்தை எடுத்துவிட்டாள். அண்ணன் வானமாமலை முப்பத்துநான்கு வயதில், முகமும் காலும் வீங்கிக் கிடந்து இறந்தான். கடைசி நாட்களில் துணி மாற்றிவிட்ட அவளும் அம்மாவும் மட்டுமே அந்தப் புள்ளிகளைப் பார்த்தவர்கள். அம்மாவும் இப்போது இல்லை.

"யாருய்யா சொன்னா ஒங்களுக்கு?"

"உன் கண்ணுல இருக்கு. உனக்கு மகன் உண்டா?"

ஒன்பது வயது இசக்கிமுத்து உண்டு. மாமன் செத்த மறு வருடமே அவனுக்கும் கைகால் எரிய ஆரம்பித்தது. வெயிலில் நின்றால் உடம்பு கொதிக்கும், ஒரு சொட்டு வேர்க்காது. வானமாமலைதான் பையன்மேல் இறங்கியிருக்கிறான் என்று தெருவே சொன்னது. வரும் வெள்ளிக்கிழமை கோடாங்கி வந்து, பையனின் உள்ளங்கையில் சூடம் கொளுத்தி ஆவியை ஓட்டுவதாகப் பேச்சு.

"நாளைக்கு அவனை அழைச்சுண்டு வா" என்றார் டாக்டர்.

மறுநாள் இசக்கிமுத்து கருவியின் முன் உட்கார்ந்தான். டாக்டர் விலகி, பேராச்சியைப் பார்க்கச் சொன்னார். மகனின் கருவிழிமேல், வெளுத்த தேநீர் நிறத்தில் நூல் நூலாகக் கோடுகள். எல்லாம் ஒரே புள்ளியிலிருந்து கிளம்பிச் சுழன்று வளைந்திருந்தன. கிணற்றுத் தண்ணீர் சுழித்து அப்படியே உறைந்த மாதிரி. அவளுக்கு அண்ணனின் கண்கள் நினைவுக்கு வந்தன. அவற்றை மூடிவிட்டவள் அவள்தான்.

டாக்டர் நிதானமாகச் சொன்னார். உடம்பின் ஒவ்வொரு உயிரணுவுக்கும் மேலே ஒரு தோல் உண்டு. அதில் ஸ்பிங்கோலிப்பிட் என்ற கொழுப்பு இருக்கிறது. எண்பது வருடத்துக்கு முன்னால் மூளையில் அதைக் கண்டுபிடித்தவருக்கு அது எதற்கென்றே புரியவில்லை. கிரேக்கக் கதையில் புதிர் போடும் ஒரு பூதத்தின் பேரை அதற்கு வைத்துவிட்டார். பழைய கொழுப்பை உடைத்துக் கரைக்க உடம்பில் ஒரு நொதி வேண்டும். இந்தப் பையனிடம் அது இல்லை. கரையாத கொழுப்பு நரம்பில், சிறுநீரகத்தில், கண்ணில் சேர்ந்துகொண்டே போகிறது.

"மருந்து?"

"இன்னும் இல்லை. போன வருஷந்தான் எந்த நொதின்னே கண்டுபிடிச்சிருக்கா. வெயில்ல விடாதே. ஒடம்பு சூடானா ஈரத்துணி போடு."

"எங்கண்ணங்கிட்ட இருந்து வந்துச்சா?"

"இல்லை. உங்கம்மாகிட்டேர்ந்து அவனுக்கும் உனக்கும். உன்கிட்டேர்ந்து இவனுக்கு. பொம்மனாட்டிகளுக்கு அனேகமா கண்ணுல கோட்டோட நின்னுடும், ஆம்பளைப் பசங்களைத்தான் வாட்டும்."

அன்று சாயங்காலம், தோல் கிடங்கிலிருந்து திரும்பிய கணவன் பூலோகத்திடம் அவள் எதையும் மறைக்கவில்லை. "பேயும் இல்ல, ஒண்ணும் இல்ல. எங்கம்ம வழியா எனக்கு வந்து, என் வழியா புள்ளைக்கி வந்துருக்கு. அவன் கையில சூடம் வைக்க வுட மாட்டேன்."

பூலோகம் வெகுநேரம் அவள் கண்களையே பார்த்துக்கொண்டிருந்தான். அங்கே எதுவும் தெரியவில்லை. பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு போய், கோடாங்கியை வர வேண்டாமென்று சொல்லிவிட்டு வந்தான். அன்றிலிருந்து சில வாரம் அவள் முகத்தை நேராகப் பார்க்காமலே பேசினான்.

பையன் ஈரத் தரையில் படுத்திருந்தான். "எம்மா, அப்ப மாமா எம்மேல இல்லியா?"

"இல்லலே."

"அப்ப யாரு உள்ளேருந்து சுடுதா?"

பேராச்சி துணியை நனைத்து அவன் பாதத்தில் சுற்றினாள்.

ஜூனில் பள்ளிக்கூடம் திறந்ததும் வாத்தியாரைப் பார்த்து, அவனை வெயிலில் நிறுத்தக் கூடாதென்று டாக்டர் எழுதிய சீட்டைக் கொடுத்தாள். நடிக்கிறான் என்று அவரும் அடித்திருக்கிறார், அவளும் அடித்திருக்கிறாள். எரிச்சல் குறைந்தது, போகவில்லை. ஆறு வயது மகள் கனகவள்ளியையும் அழைத்து வரலாமே என்று டாக்டர் ஒருமுறை கேட்டார்.

"அவ வெவரம் தெரிஞ்சி அவளா கேக்கட்டும்ய்யா" என்றாள் பேராச்சி. டாக்டர் வற்புறுத்தவில்லை. ஆனாலும் மகளுக்குத் தலை வாரிவிடும்போது, சில நாள், சீப்பை நிறுத்திவிட்டு அவள் முகத்தை வெளிச்சத்துப் பக்கம் திருப்புவாள்.